காரணம் எழுத வேண்டாம்

எங்கள் பஸ் டிப்போவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறோம். நாளைக்கு யார் எந்தத் தடத்தில், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் ஒரு பெண்ணின் பென்சில் நுனியில் இருக்கிறது. டூட்டி சார்ட் போடுவது அவர் வேலை. டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் எல்லாருக்கும் அவர் 'சார்ட் அக்கா'. வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்த வாரம் லீவு வேண்டுமே!

நான் அவருக்குப் பக்கத்து மேசை. டிக்கெட் மெஷின்களைக் காலையில் கொடுத்து, டூட்டி முடிந்ததும் திரும்ப வாங்கி, சார்ஜில் போடுகிறவன். பதினோரு வருஷமாக அவர் பென்சில் சீவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அக்கா முதலில் பெரிய தாளில் கட்டம் போட்டுக் கையால் எழுதிவிட்டுத்தான் தட்டச்சுக்குப் போவார். "கம்ப்யூட்டருக்கு யார் எந்த டூட்டி போறாங்கன்னு தெரியும். யாரால போக முடியலைன்னு தெரியாது" என்பார். மாலை நாலு மணிக்குச் சார்ட் பலகையில் ஒட்டப்படும். அடுத்த அரை மணி நேரம் எங்கள் ஜன்னலில் ஒரே கெஞ்சல். அக்கா யாரையும் கடிந்து பேசிப் பார்த்ததில்லை. ஆனால் பொய் சொன்னால் ஒரு புருவம் மட்டும் மேலே போகும். அதற்குப் பயந்தே பாதிப் பேர் உண்மை சொல்லிவிடுவார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் தலைமை அலுவலகம் எங்களுக்கெல்லாம் மனநல உதவித் திட்டம் ஒன்று கொண்டுவந்தது. சுவரில் சிரித்த முகங்களோடு போஸ்டர். செவ்வாய்க்கிழமை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஆலோசகர் ஒருவர் வருவார். யாரும் போய்ப் பேசலாம். நல்ல மனிதர்தான் அவரும். வந்து, உட்கார்ந்து, கொண்டுவந்த புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டுப் போவார். ஒரு வருஷத்தில் ஒன்பது பேர் போயிருந்தார்கள். அதில் இரண்டு பேர் கழிப்பறை என்று நினைத்துக் கதவைத் திறந்தவர்கள் என்று மெக்கானிக்குகள் கிண்டல் செய்வார்கள்.

தேவையில்லாத திட்டம், மூடிவிடலாம் என்ற பேச்சு வந்தது. மூடுவதற்கு முன்னால் ஆராய்ந்து பார்க்கலாம் என்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆராய்ச்சியாளரை அனுப்பினார்கள். முப்பது வயதிருக்கும். துணிப்பை, ஓடுகிறவர்கள் போடுகிற மாதிரி ஷூ. முதல் நாளே டிப்போ அவருக்குக் 'கணக்கெடுப்பு மேடம்' என்று பேர் வைத்துவிட்டது. அவர் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். தூக்கம் வருகிறதா, மனம் சோர்வாக இருக்கிறதா, உதவி தேவைப்பட்டதா என்று இருபது கேள்வி. பெயர் எழுத வேண்டியதில்லை.

முந்நூற்று எண்பது தாள் திரும்பி வந்தது. அதில் முந்நூற்று அறுபதுக்கும் மேல், எல்லாக் கேள்விக்கும் 'ஒரு குறையும் இல்லை' என்று டிக். கணக்கெடுப்பு மேடம் எங்கள் அறையின் மூலை மேசையில் அந்தத் தாள்களைக் குவித்து வைத்துக்கொண்டு, பரீட்சையில் எல்லாப் பிள்ளையும் ஒரே விடை எழுதியதைப் பார்த்த வாத்தியார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அக்கா பென்சிலைக் கீழே வைத்தார். "இந்த டிப்போல எல்லாரும் இவ்வளவு சந்தோஷமா இருக்காங்கன்னா, என் ஜன்னல்ல தினமும் வந்து அழறது யாரு மேடம்?"

"அதான் எனக்கும் புரியல" என்றார் அவர்.

"தாளை யாரு குடுத்தாங்க, யாரு வாங்கினாங்க?"

"செக்கிங் இன்ஸ்பெக்டர்தான். அவருக்குத்தான் எல்லாரையும் தெரியும்னு மேனேஜர் சொன்னாரு."

அக்கா சிரித்துவிட்டார். "மெமோ குடுக்கற கையில யாராவது மனசைக் குடுப்பாங்களா?"

பிறகு எழுந்து போய் அந்த வாரச் சார்ட்டை மேடத்தின் முன்னால் விரித்தார். செவ்வாய்க்கிழமை பத்து மணிக் கட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். "பாருங்க. அந்த ரெண்டு மணி நேரம் டிப்போக்குள்ள இருக்கறது ஆபீஸ்காரங்க, ஒர்க்ஷாப், ஸ்பேர் டிரைவருங்க. மிச்சம் முந்நூறு பேரும் ரோட்டுல இருக்காங்க. அவங்க எப்படி வருவாங்க, பஸ்ஸோடயா?"

அதோடு விடவில்லை. மேடத்தைக் கூட்டிக்கொண்டுபோய் ஆலோசகர் அறையைக் காட்டினார். மேனேஜர் அறையை ஒட்டிய கண்ணாடித் தடுப்பு. வாசலில் மெமோவுக்குப் பதில் சொல்ல வருகிறவர்கள் காத்திருக்கும் பெஞ்ச். "இந்த பெஞ்சுல உக்காந்தா, போறவன் வர்றவன் எல்லாம் 'என்ன கேஸு'ன்னு கேப்பான்." அப்புறம் அனுமதிப் படிவத்தைக் காட்டினார். ஆலோசகரைப் பார்க்க மேனேஜர் கையெழுத்து வேண்டும். படிவத்தின் நடுவில் ஒரு கட்டம்: 'காரணம்'.

"இந்தக் கட்டத்துல என்ன எழுதுவான் ஒரு மனுஷன்?" என்று அக்கா கேட்டார்.

மேடம் குறிப்பேட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். அன்று மட்டும் பதினாலு பக்கம் எழுதினார். போகும்போது 'மேடம்' எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவரே அக்காவை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அதற்கடுத்த இரண்டு மாதம் அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு புது ஏற்பாடு எழுதினார்கள். ஆலோசகர் உட்காரும் இடம் கண் பரிசோதனை நடக்கும் மருத்துவ அறைக்கு மாற வேண்டும். டிரைவர்கள் எப்படியும் அங்கே போய்வருகிறவர்கள்தான், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஷிஃப்ட் மாறும் இடைவெளியில், வாரம் மூன்று நாள். கையெழுத்து கிடையாது. சார்ட்டில் கண், பல், ரத்த அழுத்தம், மனம் எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்து, மருத்துவம் என்பதற்கு 'ம'. காரணம் எழுத வேண்டாம்.

எங்கள் மேனேஜர் ஒரு கேள்வி கேட்டார். நியாயமான கேள்விதான். "ஓட்ட முடியாத நிலையில இருக்கற ஆளு எனக்குத் தெரியாம ஓட்டினா? பஸ்ல அறுபது பேர் இருக்காங்களே."

"இப்ப மட்டும் உங்களுக்குத் தெரியுதா சார்?" என்றார் அக்கா. "லைசென்ஸ் போயிடும்னு பயந்துதான் அவன் வாயைத் திறக்கறதில்ல. ஆலோசகர் 'கொஞ்ச நாள் ஓட்ட வேணாம்'னு சொன்னா, அவனே எங்கிட்ட வந்து 'ம' கேக்கட்டும். நான் டிப்போக்குள்ள டூட்டி போடறேன். கிரேடு குறையாதுன்னு நீங்க எழுதிக் குடுங்க. அப்புறம் யாரும் மறைச்சுக்கிட்டு ஓட்ட மாட்டாங்க."

மேனேஜர் பேனாவை எடுத்து எழுதிக் கொடுத்தார்.

எல்லாம் கூடிவந்தது என்று நாங்கள் நினைத்த நேரத்தில்தான் ஆராய்ச்சியின் இன்னொரு முகம் தெரிந்தது. எட்டு டிப்போவில் இந்தப் புது ஏற்பாட்டைச் சோதிக்கப் போகிறார்கள். ஆனால் நாலு டிப்போவில் இப்போதே தொடங்கும். மற்ற நாலும் ஆறு மாதம் பழையபடியே காத்திருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் பலன் உண்மையா, சும்மா தோன்றுகிறதா என்று தெரியுமாம். எது முதலில் என்பதைக் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். எங்கள் டிப்போ காத்திருக்கும் பக்கத்தில் விழுந்தது.

அக்காவுக்கு வந்த கோபத்தை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். "சமைச்சவ பட்டினி, பக்கத்து வீட்டுக்கு விருந்தா?" என்றார்.

மேடத்துக்கும் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் பின்வாங்கவில்லை. "எனக்குப் பிடிச்ச டிப்போவை முன்னால போட்டேன்னா, நாளைக்கு ஒரு அதிகாரி 'உங்க ஆளுங்க, அதான் நல்லா வந்துச்சு'ன்னு ஒரே வார்த்தையில தூக்கிப் போட்டுடுவாரு அக்கா. பழைய ஏற்பாடு இருக்கு. வெளிய ஆஸ்பத்திரி இருக்கு. போறவங்களை நான் தடுக்கவே மாட்டேன். அது மட்டும் நிச்சயம்."

"தடுக்க மாட்டீங்க, சரி. நான் சொல்லி அனுப்பினா?"

"அனுப்புங்க. எங்கிட்டயும் சொல்லுங்க. எழுதிக்கறேன்."

இப்படிக் கேட்டதற்கு அக்காவிடம் ஒரு காரணம் இருந்தது. எங்கள் டிப்போவில் ஒரு டிரைவருக்குத் 'தொட்டில்' என்று பேர். அவர் ஓட்டினால் நின்றுகொண்டு வருகிறவனும் தூங்கிவிடுவான், அவ்வளவு மென்மையாக ஓட்டுவார். அந்தத் தொட்டில் அண்ணன் இரண்டு மாதமாக வாரத்துக்கு மூன்று தடவை ஜன்னலுக்கு வந்து தடம் மாற்றக் கேட்டார். முதலில் முழங்கால் என்றார். பிறகு மச்சினன் வீட்டு விசேஷம் என்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் நின்றார். பெரிய பள்ளிக்கூடம் இருக்கும் சாலையில் போகிற டூட்டியைத்தான் அவர் ஒவ்வொரு தடவையும் தட்டிக் கழித்தார் என்பதை அக்காவின் பென்சில் கண்டுபிடித்துவிட்டது. அவரோடு போகிற கண்டக்டர்களும், தொட்டில் இப்போது உரல் மாதிரி இடிக்கிறது, காரணமே இல்லாமல் பிரேக் போடுகிறார் என்று முணுமுணுத்தார்கள்.

அந்த மாதம் ஒரு மத்தியானம் அவர் வந்தபோது அறையில் நாங்கள் மூன்று பேர்தான். அக்கா ஒரு ஸ்டூலைக் காட்டி, "உக்காருங்கண்ணே. எந்தத் தடமும் வேணாம்னா எந்தத் தடமும் போடல. என்ன நடந்துச்சு, அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

"ஒண்ணுமே நடக்கலம்மா" என்றார் அவர். "அதான் அசிங்கம்." ஒரு பள்ளிக்கூடப் பெண் சைக்கிளோடு அவர் பஸ்ஸுக்கு முன்னால் சறுக்கி விழுந்திருக்கிறாள். பிரேக் பிடித்தது. சக்கரத்துக்கும் அவளுக்கும் ஒரு முழம்தான். அவள் எழுந்து, பையைத் தட்டிக்கொண்டு, சிரித்துவிட்டுப் போய்விட்டாள். "அந்தப் பொண்ணுக்கு ஒரு கீறல் இல்ல. நான்தான் இன்னும் அங்கயே நிக்கறேன். கண்ணை மூடினா சக்கரம். செத்துப்போனவங்களுக்காக அழலாம். ஒண்ணும் ஆகாததுக்கு அழறவனை எந்த ஊர்ல பார்த்திருக்கீங்க?"

"என்னையே பாருங்க" என்றார் அக்கா.

நான் டிக்கெட் மெஷினைத் துடைக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தேன். அக்கா குரலைத் தாழ்த்தவில்லை. நானும் கேட்கட்டும் என்றேதான் சொன்னார் என்று பிறகு புரிந்தது.

இங்கே மாற்றலாகி வருவதற்கு முன்னால் அக்கா வேறு டிப்போவில் கண்டக்டராக இருந்தார். ஒரு நாள் கூட்டம் நிறைந்த பஸ்ஸில் திடீரென்று மூச்சு முட்டி, நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி ஆகிவிட்டது. சாகப்போகிறோம் என்றே நினைத்து, பையை ஒரு பயணியிடம் கொடுத்துவிட்டு நடுரோட்டில் இறங்கிவிட்டார். இதய டாக்டர்கள் மூன்று பேர் பார்த்தார்கள். மூன்று பேரும் "ஒண்ணும் இல்லை" என்றார்கள். மறுவாரமும் அதே. அதற்கடுத்த வாரம் பஸ்ஸைப் பார்த்தாலே கால் ஏறாமல் போனது. வீட்டில் பாத்திரம் கழுவும்போதுகூட வந்தது.

"எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்" என்று அக்கா அவரிடம் சொன்னார். "அவருதான் சொன்னாரு: 'லிஃப்ட் பாதியில நின்னா கதவைத் திறந்து என்னன்னு பாக்கறோம். மனுஷி பாதியில நின்னா பாக்கக் கூடாதா? வா'ன்னு பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்க ஒரு டாக்டரம்மா பத்து நிமிஷத்துல பேர் சொல்லிட்டாங்க. இது பீதி நோய், நிறைய பேருக்கு வருது, சரியாகும்னாங்க. மூணு வருஷம் மாத்திரை. வாரா வாரம் பேச்சு. சரியாச்சு. ஒவ்வொரு தடவையும் ஆபீஸ்ல பல் வலின்னு எழுதிட்டுப் போவேன். லீவு லெட்டர் கணக்குப்படி பார்த்தா, எனக்கு இப்ப வாயில ஒரு பல்லு கூட இருக்கக் கூடாது."

தொட்டில் அண்ணன் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அக்கா ஒரு டம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு மறுநாள் சார்ட்டை எடுத்தார். வியாழக்கிழமை அவர் பேருக்கு எதிரே ஆஸ்பத்திரி நேரம் விட்டுக் கட்டம் போட்டார். மற்ற நாளெல்லாம் டிப்போக்குள்ளே பஸ் நிறுத்தும் வேலை.

"வீட்டுல என்ன சொல்றது?" என்று அவர் எழும்போது கேட்டார்.

"பல்லுன்னு மட்டும் சொல்லாதீங்க. அது என்னோடது."

அன்று மாலையே அக்கா கணக்கெடுப்பு மேடத்துக்குப் போன் செய்தார். "ஒருத்தரை வெளிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கேன். இன்னும் அனுப்புவேன். எழுதிக்கோங்க." அடுத்த ஆறு மாதத்தில் அப்படிப் பதினேழு பேர். பேர் கிடையாது, எண்ணிக்கையை மட்டும் சொல்லுவார். ஜன்னலில் வந்து நின்று யாராவது மூன்றாம் தடவையாக முழங்கால் என்று சொன்னால், அக்காவின் புருவம் மேலே போகாது. "எனக்கும் இப்படித்தான் பல் வலி வந்துச்சு" என்று ஆரம்பித்துவிடுவார்.

தொட்டில் அண்ணன் நாலாவது மாதம் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார். முதலில் காலிச் சாலை, பிறகு கடைத்தெரு, கடைசியில் பள்ளிக்கூடச் சாலை. இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "தாராளமா எழுதுங்க. ஆனா இப்ப நல்லா ஓட்டறேன்னும் சேத்து எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன். நேற்றுகூட அவர் பஸ்ஸில் நான் என் நிறுத்தத்தைத் தாண்டித் தூங்கிவிட்டேன்.

ஆறு மாதம் முடிந்ததும் தலைமை அலுவலகத்தில் கூட்டம். மேடம் தன்னோடு அக்காவும் வர வேண்டும் என்று எழுதி வாங்கியிருந்தார். தாள்களைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். நீள மேசை, குளிர்ந்த அறை, ஆறு அதிகாரிகள். மேடம் திரையில் காட்டினார். முன்பு எல்லா டிப்போவிலும் நூற்றுக்கு இரண்டு பேர்தான் ஆலோசகரைப் பார்த்தார்கள். புது ஏற்பாடு வந்த நாலு டிப்போவில் அது பத்தொன்பது ஆகியிருந்தது. காத்திருந்த டிப்போக்களில் பழையபடி இரண்டு. "தேவை முன்னாலயும் இருந்துச்சு. வழிதான் இல்ல" என்று மேடம் சுருக்கமாக முடித்தார்.

மூத்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "காத்திருந்த டிப்போவுல ஒண்ணுல மட்டும் வெளி ஆஸ்பத்திரிக்குப் போனவங்க பதினேழுன்னு தனியாப் போட்டிருக்கீங்களே. அது எப்படி?"

மேடம் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டார். "நான் சொல்லி அனுப்பினேன் சார்."

"நீங்க யாரு? டாக்டரா?"

"இல்ல சார். டூட்டி சார்ட் போடறவ. மனநலப் பிரிவுல மூணு வருஷம் வைத்தியம் பார்த்துக்கிட்டவ."

அக்கா உட்காரவில்லை. ஜன்னலில் வாரலீவு பற்றிப் பேசுகிற அதே குரலில் சொன்னார்: "ஜன்னலுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன், ஆறு பேர் முன்னால சொல்றதுக்கு என்ன? ஒருத்தர் வெளிய சொன்னா பத்துப் பேர் நம்பறாங்க. ஆனா எங்கிட்ட வராதவங்க இருக்காங்களே சார், அவங்களுக்கு நான் போதாது. இடமும் நேரமும் சரியா இருக்கணும். அதை மேடம் நிரூபிச்சுட்டாங்க. ஆறு மாசம் என்னைக் காக்க வெச்சாங்க, அப்ப திட்டினேன். இன்னிக்கு இந்தத் திரையைப் பார்த்ததும் திட்டினதை வாபஸ் வாங்கிக்கறேன்."

மேடம் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். மூத்த அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார். அந்த மாதமே எல்லா டிப்போவுக்கும் உத்தரவு வந்தது. மற்ற டிப்போக்களில் சார்ட் போடுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க அக்காவை அனுப்பினார்கள். அவர் போன நாட்களில் சார்ட் போட்டவன் நான். மூன்று பேரை ஒரே பஸ்ஸுக்கு டிரைவராக்கி, ஒரு பஸ்ஸுக்கு யாருமே இல்லாமல் செய்து பேர் வாங்கினேன்.

எங்கள் மருத்துவ அறையில் ஆலோசகருக்கு இப்போது புத்தகம் படிக்க நேரம் இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இன்னும் ஒர்க்ஷாப் ஆட்கள் வெல்டிங் புகையைவிட அந்தக் கதவுக்கு அதிகம் பயப்படுகிறார்கள். ஆலோசகர் ஒருவர் போதவில்லை என்று மேடத்தின் இரண்டாவது அறிக்கையில் இருக்கிறது.

சென்ற மாதம், பஸ் கழுவுகிற பெண்கள் நாலு பேர் ரப்பர் செருப்போடு, நனைந்த சேலையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் ஒப்பந்த ஆட்கள். எங்கள் சம்பளப் பட்டியலிலும் இல்லை, திட்டத்திலும் இல்லை. அவர்களில் மூத்தவள் சொன்னாள்: "அந்த ரூமுக்குப் போய் நின்னோம்மா. எங்க பேரு சார்ட்ல இல்லைன்னு சொல்லிட்டாங்க. எங்களுக்கெல்லாம் மனசு தனியா வேற ஒப்பந்தக்காரர் குடுக்கணுமா?"

அக்கா எழுந்து மேனேஜர் அறைக்குப் போனார். கதவு மூடியிருந்தது, இருபது நிமிஷம் இரண்டு குரலும் மாறி மாறிக் கேட்டது. ஒப்பந்தக்காரருக்குப் போன் போனது. அவர் முதலில் முடியாது என்றாராம், பிறகு யோசிக்கிறேன் என்றாராம், பிறகு மேனேஜரிடமிருந்து போனை அக்கா வாங்கினார். அதற்கப்புறம் அவர் என்ன சொன்னார் என்று தெரியாது. அக்கா "ரொம்ப நன்றி சார், எழுத்துல அனுப்பிடுங்க" என்று மட்டும் சொன்னது கேட்டது.

திரும்பி வந்து மேசையிலிருந்து பெரிய தாள் ஒன்றை உருவினார். அளவுகோலை வைத்துப் புதிதாகக் கட்டம் போட்டார். "தம்பி, அந்த அக்காங்களுக்கு ஸ்டூல் எடுத்துப் போடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவர்கள் பக்கம் திரும்பினார்.

"ஒவ்வொருத்தரா பேரைச் சொல்லுங்க. எந்த நேரம் தோதுப்படும்னும் சொல்லுங்க."

மொத்தம் இருபத்தாறு பேர் என்றார்கள். பென்சில் சீவி வைத்துக்கொண்டு அக்கா எழுத ஆரம்பித்தார்.